கோவளத்தில் முதல் பேடில் போர்டு வகுப்பு: கடலா, பேக்வாட்டரா? போனவர்கள் சொல்லுங்கள்

மடிப்பாக்கத்து_அம்மா:

வணக்கம். எனக்கு 41 வயது, மகளுக்கு 13. பலகை மேல் நின்றுகொண்டு துடுப்பு போடும் அந்தப் பேடில் போர்டை எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டு, கற்றுக்கொண்டே தீருவேன் என்று ஒரு மாதமாக உயிரை வாங்கினாள். தனியாக அனுப்பப் பயம், அதனால் "சரி, நானும் வருகிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முன்பணமும் கட்டியாகிவிட்டது. பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை, காலை ஆறரை மணி, நம் சென்னைக் கோவளம் பக்கம்.

என் நிலைமை இதுதான். கால் தரையில் எட்டும் ஆழத்தில், நீச்சல்குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்துவேன், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் வருவது மாடா மனிதனா என்று தெரியாது. மகள் நன்றாக நீந்துவாள்.

போனில் பேசிய பையன் "கடலில் வேண்டுமா மேடம், பேக்வாட்டரில் வேண்டுமா, ரெண்டும் ஒரே ரேட்தான்" என்று கேட்டான். ஒரே விலை என்றதும் பெரியதையே எடுத்துக்கொள்ளலாமே என்று புத்தி போகிறது. மகளுக்கும் கடல்தான் வேண்டுமாம், ஆமை பார்க்கலாம், ஓங்கில் (டால்பின்) பார்க்கலாம் என்கிறாள். எனக்கோ சின்ன வயதில் எலியட்ஸ் பீச்சில் சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு முழங்கால் முழுக்கத் தடித்துப்போன ஞாபகம் இன்னும் போகவில்லை. கடல் பாம்பு பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று இருக்கிறேன், ஆனால் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

எதை எடுக்கலாம், என்ன உடுத்திக்கொள்வது, எந்த உயிரினத்துக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை? "தண்ணியோடும் நெருப்போடும் விளையாடாதே" என்ற மாமியாரின் வாக்கை ஏற்கெனவே நாலு முறை கேட்டுவிட்டேன், அதை மட்டும் மறுபடி சொல்லாதீர்கள்.


அரைகுறை_நீச்சல்:

தோழி, பேக்வாட்டர். கண்ணை மூடிக்கொண்டு பேக்வாட்டர்.

போன வருடம் மார்ச்சில் நான் போனேன், 36 வயது, தொப்பை உண்டு, நீச்சல் என் பெயரிலேயே இருக்கிறது. முதல் இருபது நிமிடம் கரையில் மணலில்தான் பாடம். பலகை பத்தரை அடி நீளம் இருக்கும், புதியவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் காற்றடித்து இறுக்கிய அகலமான பலகை, விழுந்தாலும் மண்டையில் அவ்வளவு வலிக்காது. நடுவில் ஒரு கைப்பிடி இருக்கும், எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள், அதுதான் பலகையின் மையம். அதற்கு இரண்டு பக்கமும் முட்டி போட்டு உட்கார்ந்து துடுப்பு போட்டுப் பழகிவிட்டு, அப்புறம் ஒரு காலை முட்டி இருந்த இடத்தில் வைத்து, மற்றதையும் வைத்து, மெதுவாக எழ வேண்டும். எழுந்ததும் எல்லோரும் செய்யும் தப்பு, கீழே காலையே பார்ப்பது. காலைப் பார்த்தால் காலோடு தண்ணீருக்குள் போய்விடுவீர்கள். தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணால்தான்.

எனக்கு முதல் அரை மணி நேரம் தொடை இரண்டும் தையல் மிஷின் மாதிரி நடுங்கியது. பயம் இல்லை, தசை. அது எல்லோருக்கும் வருமாம், அப்புறம் தானாக அடங்கிவிட்டது.

துடுப்பின் அலகு லேசாக வளைந்திருக்கும், அந்தச் சாய்வு முன்னோக்கி இருக்க வேண்டும். பார்த்தால் திருப்பிப் பிடிப்பதுதான் சரி என்று தோன்றும், கரண்டியால் அள்ளிப் பழகிய கையல்லவா. நான் பாதி வகுப்பு திருப்பியேதான் பிடித்திருந்தேன், வகுப்பெடுத்தவர் பக்கத்து ஆளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. ஆறு பேருக்கு ஒரே ஆள். அது அதிகம். நான்கு பேருக்கு ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுவது பற்றி. கட்டாயம் விழுவீர்கள். விழும்போது பலகையை விட்டுத் தள்ளி, மல்லாந்தோ பக்கவாட்டிலோ, தட்டையாக விழ வேண்டும். தலைகீழாகப் பாயவே கூடாது, பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். மறுபடி ஏற, பலகையின் பக்கவாட்டில் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னால் நீட்டி உதைத்துக்கொண்டே வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். அழகாக இருக்காது. மகள் வீடியோ எடுப்பாள், எடுக்கட்டும்.

உடை: முழுக்கை நீச்சல் சட்டை, லெக்கிங்ஸ், தாடையில் கட்டும் கயிறு உள்ள தொப்பி. கண்ணாடிக்குப் பின்கழுத்தில் கட்டும் கயிறு நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வாங்காமல் போய் நான் ஏழாயிரம் ரூபாய்க் கண்ணாடியைச் சேற்றுக்குக் காணிக்கை செலுத்தினேன். காலுக்குப் பழைய கேன்வாஸ் ஷூவோ ரப்பர் செருப்பு மாதிரி இறுக்கமான தண்ணீர் ஷூவோ. வெறுங்கால் வேண்டாம், முட்டுக்காடு பக்கம் சேற்றில் சிப்பி ஓடு பிளேடு மாதிரி நிற்கும். என் இடது பாதத்தில் மூன்று தையல்.

பலகையோடு சேர்த்துக் கணுக்காலில் கட்டும் லீஷ் கயிறு, லைஃப் ஜாக்கெட் இரண்டும் இல்லாமல் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள்.


பெசன்ட்நகர்_பெரியவர்:

ஒரு மணி நேரம் பலகையில் நிற்க இவ்வளவு பணமா. முட்டுக்காடு படகுத்துறையில் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தால் அதே தண்ணீர், அதே காற்று, கால் வலிக்காது.

சொறி மீன் பட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, மணலைப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் செய்தோம்.


இரவுப்பணி:

ஐயா, மன்னிக்க வேண்டும், அந்த இரண்டையும் செய்யவே கூடாது. அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சொறி மீனின் இழைகளில் கொட்டும் நுண்பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தோலில் ஒட்டியதில் பாதிக்கு மேல் இன்னும் வெடிக்காமல் கூட இருக்கலாம். நல்ல தண்ணீர் பட்டால் அவை வெடிக்கும், மணலால் தேய்த்தாலும் வெடிக்கும். வலி போவதற்குப் பதில் கூடும். செய்ய வேண்டியது, கடல் தண்ணீராலேயே அலசுவது, ஒட்டியிருக்கும் இழையைக் கையால் தொடாமல் ஒரு பிளாஸ்டிக் அட்டையாலோ குச்சியாலோ எடுப்பது, அப்புறம் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரை மணி போல வைத்திருப்பது. வினிகர் எல்லா வகைக்கும் ஒத்துவராது, சிலவற்றில் கொட்டலை அதிகமாக்கவும் செய்யும். மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், உதடு வீக்கம், வாந்தி வந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு 108.

சூடான நீர் இன்னும் இரண்டுக்கு உதவும்: திருக்கை முள்ளுக்கும் கெளுத்தி முள்ளுக்கும். இந்த முள் விஷம் சூட்டில் கெடும், ஆகவே ஒரு பிளாஸ்கில் சுடுநீர் எடுத்துப் போனால் காரில் அது சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. பிளாஸ்கில் இருந்து நேராக ஊற்றாதீர்கள், கலந்து, முதலில் நல்ல கையை விட்டுப் பார்த்து. முள் ஆழமாக இறங்கியிருந்தால் பிடுங்காமல் அப்படியே கூட்டி வாருங்கள்.

கடல் பாம்பு. இதற்கு நேர்மையான பதில்: விஷம் மிகக் கடுமை, ஆனால் தானாக வந்து கடிக்கும் சுபாவம் கிடையாது. கடிபடுபவர்கள் பெரும்பாலும் வலையிலிருந்து மீன் எடுக்கும்போது கையைக் கொடுத்த மீனவர்கள். நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது, கடல் பாம்புக்கு அது வேலை செய்யாது. அதனால் கரையில் சோர்ந்து கிடக்கும் பாம்பைப் "பாவம்" என்று குச்சியால் தள்ளிவிடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு. மகளுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்லிவையுங்கள்.

பேக்வாட்டருக்கு ஒரு எச்சரிக்கை என் பங்குக்கு: மழைக்குப் பின் இரண்டு மூன்று நாளுக்கு ஊர்த் தண்ணீர் எல்லாம் அதில்தான் வந்து சேரும். ஆறாத புண் இருந்தால் இறங்காதீர்கள், வாயில் போனால் துப்பிவிடுங்கள், வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் குளியுங்கள். பிப்ரவரியில் மழை இருக்காது, பிரச்சினை குறைவு.


குப்பத்துக்காரன்:

அக்கா, நான் அந்தப் பக்கத்துப் பையன். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார், நான் வார நாளில் சிறுசேரியில் ஐடி, சனி ஞாயிறு ஊர்.

எல்லோரும் சொறி, பாம்பு என்று பேசுகிறீர்கள். ஆளைக் கொண்டுபோவது காற்றும் முகத்துவாரமும்தான்.

முதலில் காற்று. காலையில் ஆறு ஆறரைக்குக் கரையிலிருந்து கடலுக்கு லேசாக வீசும். அந்த நேரத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது மாதிரி அமைதியாக இருக்கும், பார்க்கிறவருக்கு ஆசை வரும். ஏன் அமைதி என்றால் காற்று நிலத்தைத் தாண்டி வருகிறது, கரையோரத்தில் அலை எழுப்ப அதற்கு இடமில்லை. அரை கிலோமீட்டர் உள்ளே போனால் அதே காற்றுக்குப் பலம் வந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் ஆள் பாய் விரித்த மாதிரி, நீங்கள் சும்மா நின்றாலே பலகை கிழக்கே போகும். திரும்பிப் பார்த்தால் கரை தூரமாக இருக்கும், எதிர்காற்றில் நின்றுகொண்டு துடுப்பு போட்டால் ஒரு அடி நகராது. அப்படி மாட்டினால் உடனே முட்டி போடுங்கள், முடியாவிட்டால் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் துழாவுங்கள். பலகையை விட்டுவிட்டு நீந்த நினைக்காதீர்கள், எவ்வளவு நன்றாக நீந்துகிறவராக இருந்தாலும் சரி. மகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நன்றாக நீந்துகிறவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள்.

வெயில் ஏறினால் கடல்காற்று பிடிக்கும், அது கரைக்குத்தான் தள்ளும், ஆனால் தண்ணீர் கொந்தளிக்கும், உங்களால் நிற்க முடியாது. ஆகவே அழகாக இருக்கும் நேரம் ஒன்று, பத்திரமான காற்று வேறொன்று. தை மாசியில் காலைக்காற்று மென்மையாகத்தான் இருக்கும். மே, ஜூனில் மேல்காற்று அனலாக, பலமாக, சில நாள் மதியம் தாண்டியும் விடாது. அந்த மாதங்களில் புதியவர்கள் கடல் பக்கம் போகவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஆட்களே யோசித்துத்தான் போவார்கள்.

இரண்டாவது முகத்துவாரம். பேக்வாட்டர் என்றால் குளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈசிஆர் பாலத்துக்குக் கிழக்கே கடலோடு சேரும் வாய் இருக்கிறது, சில காலம் மணல் அடைத்துக்கொள்ளும், சில காலம் திறந்திருக்கும். திறந்திருக்கும்போது தண்ணீர் இறங்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க அந்தச் சின்ன வாய் வழியாகக் கடலுக்கு ஓடும், பாலத்துத் தூண்களுக்கு நடுவே இன்னும் வேகமாக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் அதிகம். காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும் நேரத்திலோ ஏறி நிற்கும் நேரத்திலோ வகுப்பு வையுங்கள் என்று கேளுங்கள். "ஏற்றமா வற்றமா" என்று நீங்கள் கேட்டதும் அந்த ஆள் முழித்தால், வேறு இடம் பாருங்கள்.

அதனால்தான் அண்ணன் சொன்ன லீஷ் விஷயத்தில் ஒரு திருத்தம். நின்ற தண்ணீரில் கணுக்கால் லீஷ் சரி. ஓட்டம் உள்ள இடத்தில், தூண், கழி, வலை இருக்கும் இடத்தில், அது சிக்கினால் காலைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்துவிடும், குனிந்து அவிழ்க்க முடியாது. அங்கே இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் விடுபடும் பெல்ட் லீஷ்தான் வேண்டும். அதைவிட நல்லது, அங்கே போகாமல் இருப்பது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோ மிதந்தால் அது எப்போதும் குப்பை இல்லை, கீழே எங்கள் வலை இருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று போன வருடம் ஒரு குழு நாலு மிதவையை அறுத்து எடுத்துக்கொண்டு போய் போட்டோ போட்டிருந்தார்கள். ஒரு வலை என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியாது. மிதவையைச் சுற்றிப் போங்கள், பலகைக்கு அடியில் இருக்கும் ஃபின் வலையில் மாட்டினால் இழுக்காதீர்கள், கூப்பிட்டால் யாராவது வந்து எடுத்துவிடுவார்கள்.

கடலில் யாராவது அடித்துச் செல்லப்படுவதைப் பார்த்தால் கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554. போனை நீர்புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், கரையில் பையில் வைத்துவிட்டுப் போவதால் ஒரு பயனும் இல்லை.

என் தாத்தா கட்டுமரத்தில் முட்டி போட்டுத்தான் துழாவுவார், அலை தாண்டும்போது எழுந்து நிற்பார். இன்று அதே மாதிரி நிற்பதற்கு மணிக்கு இத்தனை ரூபாய் என்று சொன்னால் அவர் சிரித்தே செத்திருப்பார்.


அரைகுறை_நீச்சல்:

தம்பி, லீஷ் திருத்தத்துக்கு நன்றி. பாலம் பக்கம் நாங்கள் போனோம், கணுக்கால் லீஷோடு. இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.


கொக்கு_பார்ப்பவன்:

ஆமை, ஓங்கில் என்று பாப்பா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

ஓங்கிலைப் பார்ப்பது அதிர்ஷ்டம், அதை நம்பிப் போகாதீர்கள். ஆமைக்குச் சரியான மாதம். நம் கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கரையோரத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். நுரையீரலால் மூச்சு விடும் பிராணி, அதனால் மேலே வந்தே ஆக வேண்டும். தண்ணீரில் ஒரு தேங்காய் மிதக்கிற மாதிரி தலை தெரியும், ஒரு மூச்சு, உடனே உள்ளே. பார்த்தால் துடுப்பை நிறுத்திவிட்டு அசையாமல் இருங்கள். பின்னால் போகாதீர்கள், துரத்தினால் மூச்சு எடுக்காமலே முங்கிவிடும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், புலிக்கு என்ன பாதுகாப்போ அதுதான் இதற்கும்.

இன்னொன்றுக்கும் பாப்பாவைத் தயார்படுத்துங்கள். உயிருள்ள ஆமையைவிடக் கரை ஒதுங்கிய செத்த ஆமையைத்தான் முதலில் பார்க்க வாய்ப்பு அதிகம். இழுவை வலைக்குள் மாட்டி மூச்சு முட்டிச் சாகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை ஏப்ரல் 15-ல்தான் தொடங்குகிறது, அதற்குள் முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் நிறைய கோபம் உண்டு, இங்கே வேண்டாம். குழந்தைக்கு ஆமை மேல் அவ்வளவு ஆசை என்றால் 1988-லிருந்து மாணவர்கள் நடத்தும் ஆமை நடைக்கு ஒரு வார இறுதி இரவு அழைத்துப் போங்கள், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடை. பலகையைவிடக் கால் அதிகம் வலிக்கும்.

பேக்வாட்டரில் பறவைகள்தான் விருந்து. பிப்ரவரியில் வலசை வந்தவை இன்னும் கிளம்பியிருக்காது. சேற்றுத் திட்டில் குச்சி மாதிரி சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான் நிற்கும், தலைக்கு மேல் மீசை ஆலா, பழுப்புத்தலைக் கடற்காகம். இந்தக் கடற்காகம் லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நம் ஊருக்கு வருவது, மீன்குழம்பு வாசனைக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தியை மட்டும் தவற விடாதீர்கள். மற்ற மீன்கொத்தி கிளையில் உட்கார்ந்து பார்க்கும், இது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், அலகு கீழே நேர்கோட்டில், அப்புறம் கல் விழுவது மாதிரி விழும்.

ஒரு விஷயம் அனுபவத்தில் கண்டது. படகில் உட்கார்ந்து போனால் கிட்டே விடும் பறவை, பலகையில் நின்று போனால் தூரத்திலேயே பறந்துவிடும். நிமிர்ந்து நிற்கும் மனித உருவம் அவற்றுக்குப் பிடிக்காது. திட்டு தெரிந்ததும் முட்டி போட்டுவிடுங்கள், நேராகப் போகாமல் சாய்வாகப் போங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையைத் தூக்கினால் அது உங்களுக்கான சிவப்பு விளக்கு, அங்கேயே நில்லுங்கள். ஒவ்வொரு முறை கூட்டத்தைக் கலைக்கும்போதும் அவை சேர்த்துவைத்த கொழுப்பை நாம் எரிக்கிறோம், அதை வைத்துத்தான் இன்னும் சில வாரத்தில் இமயமலையைத் தாண்ட வேண்டும்.

சேற்றில் இறங்கி நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், அதிர்வு கேட்டால் தானே நகர்ந்துவிடும். மிதித்தால்தான் வாலை வீசும்.


பெசன்ட்நகர்_பெரியவர்:

மணல் விஷயம் மாற்றிக்கொண்டேன் தாயி. அறுபது வருடமாகத் தப்பாகத் தேய்த்திருக்கிறோம்.

படகுத்துறை யோசனையை மாற்றிக்கொள்ளவில்லை.


மடிப்பாக்கத்து_அம்மா:

போய்விட்டு வந்துவிட்டோம். இரண்டு நாள் தோள்பட்டை தூக்க முடியாததால் தட்டச்சு செய்யத் தாமதம்.

பேக்வாட்டர்தான் எடுத்தோம். "தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா" என்று போனில் கேட்டேன். அந்தப் பையன் ஒரு நொடி நிறுத்திவிட்டு "உங்க வீட்டில் யாராவது கடலுக்குப் போறாங்களா மேடம்?" என்றான். ஆறரையை ஏழேகாலுக்கு மாற்றி, அப்போதுதான் ஏற்றம் என்று சொன்னான். நான்கு பேருக்கு ஒருவர், அதையும் கேட்டு வாங்கினேன். குப்பத்துத் தம்பிக்கு ஒரு பிரியாணி கடன்.

மகள் மூன்றாவது முயற்சியில் நின்றுவிட்டாள், கோயில் சிலை மாதிரி. நான் மொத்த நேரத்தில் நின்றது ஒரு ஏழு நிமிடம் இருக்கும், மீதி முட்டியில். தையல் மிஷின் எனக்கும் ஓடியது. பனைமரம் கிடைக்கவில்லை, எதிர்க்கரையில் ஒரு செல்போன் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டேன், வேலை செய்தது. இரண்டு முறை விழுந்தேன். முதல் முறை விழுந்தபோது தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தேன் போலிருக்கிறது, பச்சையாக, கலங்கலாக, காதுக்குள் யாரோ பொரி வறுக்கிற மாதிரி பொடுபொடுவென்று ஒரு சத்தம். மேலே வந்து அது என்ன என்று கேட்டேன், பயிற்சி கொடுத்தவர் "இறால்" என்றார். சீண்டுகிறாரா என்று தெரியவில்லை. கண்ணாடி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, அரைகுறை அண்ணனுக்கு நன்றி.

அப்புறம் அந்த மீன்கொத்தி. எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடியில், என் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரே இடத்தில் நின்றது. நான் முட்டி போட்டிருந்தேன், துடுப்பைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு. இறக்கை அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையவில்லை. விழுந்தது, எழுந்தது, அலகில் ஒன்றுமில்லை. மறுபடி அதே இடம். மூன்றாவது தடவைதான் மீன். எனக்கும் மூன்றாவது தடவையில்தான் நிற்க வந்தது என்று மகளிடம் சொன்னேன், "அம்மா, உனக்கு அஞ்சாவது" என்று திருத்தினாள்.

சொறி இல்லை, பாம்பு இல்லை. சுடுநீர் பிளாஸ்கில் காபித்தூள் கலந்து குடித்துவிட்டோம்.

திரும்பும்போது மணலில் ஆமை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. கொக்கு பார்ப்பவர் முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. ஓடு மகளின் பள்ளிப் பை அகலம் இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை, காரில் ஏறிய பிறகு ஆமை நடைக்கு எப்போது பதிவு செய்யலாம் என்று மட்டும் கேட்டாள். வரும் சனிக்கிழமை இரவு போகிறோம்.

ஒரு சந்தேகம் பாக்கி: அந்தச் சேற்று நாற்றம் லெக்கிங்ஸை விட்டு எப்படிப் போகும்? மூன்று முறை துவைத்தாகிவிட்டது, மாமியார் மொட்டை மாடியில் காயப்போடவே விடமாட்டேன் என்கிறார்.


அரைகுறை_நீச்சல்:

வினிகர். அதற்குத்தான் அது பயன்படும். ஒரு பக்கெட்டுக்கு அரை டம்ளர், ஒரு மணி நேரம் ஊற வையுங்கள்.


கொக்கு_பார்ப்பவன்:

அந்தப் பொடுபொடு சத்தம் நிஜமாகவே இறால்தான். ஒரு வகைச் சின்ன இறால் இருக்கிறது, ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், அதைப் படக்கென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உருவாகி உடைகிற சத்தம் அது. அவர் சீண்டவில்லை. ஆமை நடைக்கு டார்ச் வேண்டாம், போன் வெளிச்சமும் வேண்டாம், பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.